கொட்டகைக் கதவில் எழுதிய மதிப்பெண்

ஐம்பது கிலோ காட் மீன் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். தொட மாட்டேன், தூக்க மாட்டேன். தலையும் முள்ளும் போக அதில் எத்தனை கிலோ சதை தேறும் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். நான் சொன்னதற்கும் தராசுக்கும் கால் கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால், தராசைப் பழுது பார்க்கத்தான் ஆள் அனுப்புவேன். இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி மீன் துறைமுகத்தில் ஐவர் பிளாஞ்சர்டு என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார்கள். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போனதில் எனக்கு வருத்தமில்லை, பள்ளிக்கூடத்துக்கும் இருந்திருக்காது. இன்றைக்கு மூன்று கொட்டகை, அறுபது கத்திக்காரர்கள், என் பெயர் போட்ட ஒன்பது வண்டிகள். ஒரு பரீட்சைகூட எழுதாமல் வந்தது இத்தனையும்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி இல்லை. இந்தக் கண்ணை மூன்று முறை தோற்கடித்த ஒரே ஆள் ட்ரூடி கிரெஸ்வெல். அவளைப் பற்றித்தான்.

ட்ரூடி பதினேழு வயதில் என் கொட்டகைக்கு வந்தாள். இடது கைக்காரி. மற்றவர்கள் எல்லாம் வலது கையால் மீனைச் சீவும்போது நடுவில் ஒரு இடது கை வந்தால் முழங்கைகள் முட்டிக்கொள்ளும். அதனால் மூன்றாம் பெஞ்சின் கடைசி மூலையை அவளுக்குக் கொடுத்தேன். ஒரே வருடத்தில் அந்த மூலைதான் கொட்டகையின் தலைமாடு ஆனது. அவள் கத்தி போன இடத்தில் முள்ளில் சதை ஒட்டாது. இருபது வருடம் அங்கேயே நின்றாள். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு விவாகரத்து. இரண்டுக்கும் சேர்த்து அவள் எடுத்த லீவு நான்கு நாள்.

எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் பெட்டி திறந்ததும் விருப்பப்பட்டவர்கள் பச்சைக் கதவில் சாக்பீஸால் தங்கள் பெயரையும் ஒரு எண்ணையும் எழுத வேண்டும். இந்தப் பெட்டியில் இத்தனை கிலோ சதை. பிறகு சீவுவோம், நிறுப்போம். தராசுக்கு ரொம்பத் தூரத்தில் நின்றவர் அந்த வாரம் முழுவதும் எல்லோருக்கும் டீ போட வேண்டும். சொன்னால் எழுத வேண்டும், எழுதினால் நிறுக்க வேண்டும், தோற்றால் கெட்டிலைத் தூக்க வேண்டும். முதலாளிக்கும் இதே சட்டம்தான். எனக்கு அதனால் பெரிய கஷ்டம் வந்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தோல்வி ஒரு மார்ச் மாதம், பனி கொட்டிய காலையில். பொட்டலம் கட்டும் ஷெரலுக்கு மூன்று வாரம் முன்னதாகவே பிரசவ வலி வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் பாலத்துச் சாலையில் பனியில் மாட்டிக்கொண்டது. அறுபது பேர் கத்தியும் கையுமாகச் சுற்றி நின்றோம், ஒருவருக்கும் ஒன்றும் ஓடவில்லை. ட்ரூடி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிரிக்காத பாக்கெட்டிலிருந்து புதிய வெள்ளை அங்கிகளை எடுத்துத் தரையில் விரித்தாள். போனில் ஆம்புலன்ஸ்காரப் பெண் சொல்லச் சொல்லச் செய்தாள். பெண் குழந்தை. வந்த வேகத்தில் எங்கள் எல்லோரையும் திட்டுவது போல அழுதது.

"எவ்வளவு இருக்கும்?" என்று டெஸ் கேட்டான். டெஸ் எங்கள் கத்திக்காரன். வாய் மட்டும் சும்மா இருக்காது.

"ரெண்டு எண்ணூறு" என்றேன் நான்.

"மூணு நூறு" என்றாள் ட்ரூடி, குழந்தையைத் துடைத்துக்கொண்டே.

நாற்பது நிமிடம் கழித்து பிரசவத் தாதி வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்தாள். பிறகு ட்ரூடியைப் பார்த்துக் கேட்டாள், "நீங்க எந்த வார்டு?"

"மூணாம் நம்பர் பெஞ்ச்" என்றாள் ட்ரூடி.

ஆஸ்பத்திரித் தராசில் குழந்தை மூன்று கிலோ நூற்றிருபது கிராம். அந்த வாரம் நான் டீ போட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ட்ரூடி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். சம்பளம் கூட்டிக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நான் பிரசவம் பார்க்கப் படிக்கப் போறேன், ஐவர்."

"உனக்கு முப்பத்திமூணு வயசு."

"மீனுக்கா வயசு கேக்கறே? எனக்குத் தெரியும் என் வயசு. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் காலேஜ். அதுக்கு முன்னாடி என்னை விட்டுடணும். அதுதான் கேக்க வந்தேன்."

விட்டேன். முதல் வருடம் விட்டுப்போன கணக்குப் பாடத்தை முடித்தாள். பிறகு இரண்டு வருடம் உயிரியல், வேதியியல், உளவியல். மூன்றிலும் ஏ, பி, பி வாங்கினால் ஆற்றுக்கு அக்கரைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவச்சிப் படிப்புக்கு இடம் கேட்கலாம். வருடத்துக்கு முப்பது இடம்தான். மனு போடுகிறவர்கள் நானூறு பேர்.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். பரீட்சை ஜூன் மாதம். முடிவு ஆகஸ்டு மாதம். ஆனால் பல்கலைக்கழகம் யாருக்கு இடம் என்று முடிவு செய்வதோ அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே! எதை வைத்து? இந்தப் பெண் இன்ன மதிப்பெண் வாங்குவாள் என்று வாத்தியார் எழுதி அனுப்பும் உத்தேசத்தை வைத்து. மீன் இன்னும் கடலில் நீந்திக்கொண்டிருக்கிறது, அதற்குள் சதையை விற்றாகிவிட்டது.

இது எங்களுக்குத் தெரியாது. எங்கள் துறைமுகத்தில் யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு வருடப் படிப்பில் முதல் வருட முடிவில், மே மாதம், கல்லூரிக்குள்ளேயே ஒரு தேர்வு வைத்தார்கள். அந்த வாரம்தான் ஐஸ்லாந்திலிருந்து இரண்டு கப்பல் சரக்கு ஒன்றாக வந்து இறங்கியது. மூன்று கத்திக்காரர்கள் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள்.

"ட்ரூடி கண்ணு, இந்த வாரம் வந்துடு" என்றேன்.

"டெஸ்ட் இருக்கே."

"நிஜப் பரீட்சையா?"

"இல்ல, சும்மா உள்ளுக்குள்ள வைக்கறதுதான்."

"அப்புறம் என்ன? நிஜத்துக்கு ஒரு மாசம் லீவு தரேன்."

அவளும் சரி என்றாள். நிறுக்காத மீனை மீனாகவே எண்ணாத ஆட்கள் நாங்கள். ஒத்திகைக்குப் பெறுமானம் உண்டு என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. விடிகாலை நான்கு மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை ஹேடக் மீன் சீவிவிட்டு, கட்டைவிரலில் பிளாஸ்திரியோடு இரண்டு மணிக்குப் போய் எழுதினாள். மூன்று நாளும் அப்படியே.

டிசம்பரில் ஒரு நாள் மத்தியானம் கையில் ஒரு காகிதத்தோடு வந்தாள். உத்தேச மதிப்பெண்: உயிரியல் சி, வேதியியல் சி, உளவியல் டி. இதுதான் பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகிறது. இது போனால் இடம் கிடையாது. மே மாதத்து "சும்மா" தேர்வைப் பார்த்துப் போட்டது.

என் வண்டியிலேயே இருவரும் கல்லூரிக்குப் போனோம். அலிஸ்டர் ரட் என்பவர்தான் மாலை வகுப்புகளுக்குப் பொறுப்பு. நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன். நாற்காலி போட்டார், பிஸ்கட் கொடுத்தார்.

"மிஸ்டர் பிளாஞ்சர்டு, நான் ட்ரூடியோட நல்லதுக்காகத்தான் சொல்றேன். பெரிய நம்பிக்கை கொடுத்துட்டு அப்புறம் அவங்க உடைஞ்சு போகக் கூடாது. வேலைக்குப் போயிட்டுப் படிக்கறவங்க கடைசியில ஒரு படி கீழதான் வருவாங்க. என் அனுபவம் அப்படி."

"அந்த மே மாசம் இவளை வேலைக்குக் கூப்பிட்டது நான். தப்பு என்னோடது" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது என் மனைவிக்குக்கூட இதுவரை தெரியாது. "மே மாசத்து மீனை என்கிட்ட கொண்டு வந்து காட்டுங்க. முட்டை போட்டு முடிச்சு எலும்பும் தோலுமா இருக்கும். அதே மீன் அடுத்த குளிர்காலத்துல எப்படி இருக்கும்னு மேயிலேயே எடை போட்டா, எங்க ஊர்ல சிரிப்பாங்க சார்."

"இது மீன் இல்லையே."

"இல்லதான். மீனுன்னா நீங்க சொன்னதை ஒருத்தன் நிறுத்துப் பார்ப்பான். நீங்க இதுவரைக்கும் எத்தனை பேருக்கு இப்படி எழுதி அனுப்பியிருக்கீங்க? அதுல எத்தனை சரியா வந்துச்சு?"

ரட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படிச் சேர்த்து வச்சுப் பார்த்ததில்ல."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மேஜையைத் தட்டியிருப்பேன். ட்ரூடி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சார், மாத்த மாட்டீங்க?"

"மனசாட்சிப்படி முடியாது, ட்ரூடி."

"சரி. அப்ப ஒண்ணு செய்யுங்க. சனிக்கிழமை காலைல எங்க கொட்டகைக்கு வந்து இதையே கதவுல எழுதுங்க. எங்க சட்டம் அப்படி. தூரமா நிக்கறவங்க ஒரு வாரம் டீ போடணும்."

விளையாட்டு என்று நினைத்தோ, பிடிவாதத்திலோ, ரட் வந்தார். ஆறு மணிக்கு, பளபளக்கும் ஷூவோடு, பனிக்கட்டித் தண்ணீருக்குள். பச்சைக் கதவில் சி, சி, டி என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

"சார், எனக்கு ரெண்டு சர்க்கரை" என்றான் டெஸ். "ஞாபகம் வச்சுக்கோங்க, ஆகஸ்டுல கேப்பேன்."

அதன் கீழே நான் பி, பி, பி என்று எழுதினேன். அந்த நேரத்தில் அது பெரிய துணிச்சல் என்றுதான் நினைத்தேன். ட்ரூடி சாக்பீஸை இடது கையில் வாங்கி, பெட்டியைப் பார்ப்பது போலக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுதினாள்: உயிரியல் ஏ, வேதியியல் ஏ, உளவியல் ஏ.

யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு வரி வந்தது. வருந்துகிறோம் என்று ஒரு வரி, வாழ்த்துகள் என்று ஒரு வரி. பெஞ்சில் நின்றபடியே போனில் படித்தாள். எல்லாக் கத்தியும் நின்றுவிட்டது.

"அந்தப் பல்கலைக்கழகத்து கேன்டீனுக்கு மீன் போறது என் வண்டியிலதான்" என்றேன். "இப்பவே போன் போட்டு நிறுத்தறேன். வெள்ளிக்கிழமை மீன் இல்லாம பட்டாணியை மட்டும் தின்னட்டும்."

"ஐவர், வாயை மூடு. நிறுக்கறதுக்கு முன்னாடியே சண்டைக்குப் போறியே. பெட்டியை இறக்கு."

சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

இடம் இல்லை என்று ஆன பிறகு எத்தனை பேர் பரீட்சைக்குப் படிப்பார்கள்? ரட்கூட, இனி அவசரமில்லை, வேண்டுமானால் ஒரு பாடத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்றாராம். அவள் குறைக்கவில்லை. மீன் பெட்டிக்கு ஒட்டும், தண்ணீரில் நனையாத லேபிள்கள் எங்களிடம் உண்டு. அவற்றில் சுரப்பிகளின் பெயர்களையும் சூத்திரங்களையும் எழுதித் தன் மூலைச் சுவரெல்லாம் ஒட்டினாள். டெஸ் அவற்றைப் பார்த்துக் கேள்வி கேட்பான். அவள் தலை நிமிராமல் பதில் சொல்லுவாள். மே மாதம் வந்தபோது டெஸ்ஸுக்கே பாதி வேதியியல் மனப்பாடம். ஒரு நாள் வண்டிக்காரனிடம் கார்பன் அணுவைப் பற்றி அவன் விளக்கிக்கொண்டிருந்ததை என் காதாலேயே கேட்டேன்.

ஜூன் மாதம் அவளுக்கு முழு லீவு. சரக்கு மலைபோல் வந்தது. வேறு ஆள் போடவில்லை. எழுபது வயதில் நானே அங்கி மாட்டிக்கொண்டு அவளுடைய இடது கை மூலையில் போய் நின்றேன். வலது கைக்காரனுக்கு அந்த மூலை சுவரோடு சண்டை போடும் இடம். நான்கு வாரத்தில் முழங்கை கறுத்துவிட்டது. ஏன் நின்றேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆகஸ்டு மாதம், முடிவு வரும் வியாழக்கிழமை. எட்டு மணிக்குக் கல்லூரியில் உறை கொடுப்பார்கள். வாங்கியதும் நேராக இங்கே வரவேண்டும், பிரிக்கக் கூடாது என்று கொட்டகையே கட்டளை போட்டிருந்தது. எட்டரை மணிக்கு வாசலில் ட்ரூடி, கையில் பிரிக்காத உறை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குப் பத்தடி பின்னால் ரட் வந்துகொண்டிருந்தார். வாத்தியார்களுக்கு முடிவு முந்தின நாளே தெரிந்துவிடும்.

அவர் கக்கத்தில் இருநூற்று நாற்பது பை போட்ட தேயிலைப் பெட்டி இருந்தது.

முதலில் பார்த்தவன் டெஸ். "டேய், வாத்தியார் டீத்தூளோட வர்றாருடா!" என்று கத்தினான். அவ்வளவுதான், அறுபது கத்தியும் பெஞ்சில் தாளம் போட்டன. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. ட்ரூடி திரும்பிப் பார்த்தாள். தேயிலைப் பெட்டியைப் பார்த்தாள். அப்போதும் உறையை நிதானமாகத்தான் பிரித்தாள். மீன் வயிற்றைத் திறப்பது போல ஒரே இழுப்பு.

உயிரியல் ஏ. வேதியியல் பி. உளவியல் ஏ.

"சே, வேதியியல்ல என் கணக்கு தப்பிடுச்சு" என்றாள். பிறகுதான் பெஞ்சில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

அங்கேயே, கை கழுவிவிட்டு, பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டாள். எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தாள். இந்த வருடம் முப்பது இடமும் நிரம்பிவிட்டது, அடுத்த வருடத்துக்கு மனு போடுங்கள், உங்கள் கல்லூரியிலிருந்து உத்தேச மதிப்பெண் அனுப்பச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பக்கத்துப் பெண்.

"உத்தேசம் எதுக்கும்மா? நிறுத்தாச்சு" என்றாள் ட்ரூடி.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. கேட்ட மதிப்பெண்ணுக்கு மேலேயே கையில் இருக்கிறது. ஆனால் யாரோ எழுதிய உத்தேசத்தால் ஒரு வருடம் போயிற்று. ரட் முன்னால் வந்தார்.

"ட்ரூடி, நான் பேசறேன். இன்னைக்கே ஒரு கடிதம் எழுதறேன், ரொம்ப அழுத்தமா, எல்லாத்தையும் விளக்கி..."

"வேணாம் சார். போன தடவை உங்க கடுதாசிதான் போச்சு. இந்தத் தடவை என் மார்க் மட்டும் தனியா போகட்டும்."

"ஒரு வருஷம் வீணாப் போகுதே."

"வீணா? ஹேடக் சீவுவேன். நீங்க டீ போடுங்க. முதல்ல டெஸ்ஸுக்கு."

ரட் போட்டார். ஒரு வாரம் முழுவதும், கல்லூரி விடுமுறையில், காலை ஆறு மணிக்கு வந்து அறுபது கோப்பை. முதல் நாள் டீ சகிக்கவில்லை. மூன்றாம் நாள் பரவாயில்லை. தூரத்தில் நின்றதில் இரண்டாவது ஆள் நான்தான், ட்ரூடியிடம் எனக்கு அது இரண்டாவது தோல்வி. சட்டப்படி எனக்குத் தண்டனை இல்லை. ஆனாலும் கழுவும் தொட்டியில் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ, கோப்பை கழுவிக்கொண்டே அவராகவே சொன்னார்.

"வீட்டுல உட்கார்ந்து அஞ்சு வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தேன், மிஸ்டர் பிளாஞ்சர்டு. மாலை வகுப்புல நாற்பத்தொரு பேர். மூணு பாடமும் சரியாச் சொன்னது ஏழு பேருக்குத்தான்."

"மத்தவங்க?"

"இருபது பேருக்குக் கூட்டிச் சொல்லியிருக்கேன். பதினாலு பேருக்குக் குறைச்சு."

"அந்தப் பதினாலு பேர் யாரு?"

அவர் ஒரே கோப்பையை ரொம்ப நேரம் கழுவினார். "பன்னெண்டு பேர் வேலைக்குப் போயிட்டு வந்தவங்க."

"கூட்டிச் சொன்ன இருபது பேர் சண்டைக்கு வந்திருக்க மாட்டாங்களே."

"இல்ல. நிறையப் பேருக்கு அதனாலதான் இடமே கிடைச்சுது."

என் மூன்று கொட்டகையில் எவனாவது நாற்பத்தொரு பெட்டியில் ஏழு பெட்டிக்குச் சரியாகச் சொன்னால், சாக்பீஸைப் பிடுங்கிக் கையில் துடைப்பத்தைக் கொடுத்திருப்பேன். அதை அவரிடமே சொன்னேன். தலையாட்டிக்கொண்டு கழுவினார். இப்போது அவர் எழுதும் உத்தேசத்தை வருடா வருடம் முடிவோடு ஒத்துப் பார்க்கிறார் என்று கேள்வி. மற்ற வாத்தியார்கள் பார்க்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. பார்க்க மாட்டார்கள். அவர்களை யார் டீ போடச் சொல்லப்போகிறார்கள்?

ட்ரூடி அந்த இலையுதிர் காலத்தில் மறுபடி மனு போட்டாள். வாத்தியார் வாக்கு இல்லாமல், வாங்கிய மதிப்பெண்ணோடு மட்டும். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நடுவில் ஒரு வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்களாம். "நீங்க நம்பறதுக்காகக் காத்திருந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த வாரமே இடம் வந்தது. இப்போது அவள் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. ஷெரலுக்கு இரண்டாவது பையன் பிறந்தபோது கையில் வாங்கியவளும் அவள்தான்.

கதவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் சுகாதாரப் பரிசோதனைக்கு ஒரு சின்ன அதிகாரி வந்தான். மற்ற எண்களை எல்லாம் தினமும் துடைத்துவிடுவோம். மேல் மூலையில் இருந்த அந்த மூன்று வரியை மட்டும் யாரும் தொட்டதில்லை. உணவுப் பொருள் இருக்கும் இடத்தில் சாக்பீஸ் கூடாது, கழுவிப் பெயின்ட் அடியுங்கள் என்றான். முடியாது என்றேன். நோட்டீஸ் அனுப்புவேன் என்றான். அவன் வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் கதவைக் கீலோடு கழற்றி, நான்கு பேரை விட்டுத் தூக்கி, என் அலுவலகச் சுவரில் அடித்துவிட்டேன். கொட்டகைக்குப் புதுக் கதவு போட்டுக்கொண்டேன். வங்கி மேனேஜர் வந்தாலும் அந்தக் கதவுக்குக் கீழேதான் உட்கார வேண்டும்.

ட்ரூடி பார்க்க வந்தாள், வேலை முடிந்து, நீலச் சீருடையோடு. கதவின் முன் நின்று மூன்று வரியையும் படித்தாள். இரண்டாவது வரி என் பி, பி, பி. அதன் மேல் என் சட்டைக்கை ஒரு முறை தவறிப்போய் உரசியிருந்தது.

"நடு வரி கொஞ்சம் மங்கியிருக்கே, கிழவா."

"தூக்கும்போது பட்டிருக்கும்."

"மேல் வரியும் கீழ் வரியும் பளிச்சுனு இருக்கு. நடுவுல மட்டும் பட்டுச்சா?"

அவளிடம் நான் மூன்றாவது முறை தோற்றது அங்கேதான்.

மேஜையிலிருந்து சாக்பீஸை எடுத்து, இடது கையால், என் மூன்று எழுத்தின் மேலும் அழுத்தி அழுத்தி எழுதிவிட்டுப் போனாள். இப்போது வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. தெரியட்டும்.